கணினி ஆய்வகத்திலிருந்து மேலாண்மைப் பள்ளிக்கு: ஜே ஃபாரஸ்டர் கையோடு கொண்டுபோனது என்ன?

ஐஐஎம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பொறியியல் முடித்துவிட்டு வந்தவர்கள் என்பது நமக்குப் பழகிப்போன செய்தி. எதிரே நின்று பாடம் நடத்துகிறவர்களிலும், அந்தப் பள்ளிகளையே நடத்துகிறவர்களிலும்கூடப் பொறியியலிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பிசினஸ் ஸ்கூலுக்கு 2019இல் டீனாக வந்த கோஸ்டிஸ் மாக்லாரஸ், லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் ஸ்டான்ஃபோர்டிலும் மின்பொறியியல் படித்தவர். 2023இல் பிரான்சின் இன்சியட் மேலாண்மைப் பள்ளிக்கு டீனாகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ்கோ வெலோசோ போர்ச்சுகலில் பொறியியல் இயற்பியல் படித்து, அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கார்னகி மெலனில் பொறியியல் மற்றும் பொதுக்கொள்கைத் துறையில் பேராசிரியராக இருந்து, அப்புறம் லிஸ்பனில் ஒன்றும் லண்டனில் ஒன்றுமாக இரண்டு மேலாண்மைப் பள்ளிகளுக்குத் தலைமை தாங்கிவிட்டு அங்கே போனவர்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், பொறியாளர்களுக்குக் கணக்கு நன்றாக வரும் என்பது. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. கணக்கு வருகிறவர்கள் வேறு துறைகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொறியியல் பேராசிரியர் ஒருவர் மேலாண்மைப் பள்ளிக்குள் போகும்போது உண்மையில் எதைக் கையோடு கொண்டுபோகிறார் என்று புரிந்துகொள்ள, எழுபது வருடங்களுக்கு முன்னால் அந்த வாசலைத் தாண்டிய ஒருவருடைய கதையைப் பார்ப்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். அவர் ஜே ஃபாரஸ்டர். டீன் நாற்காலியில் உட்கார்ந்தவர் இல்லை. ஆனால் எம்ஐடியின் மேலாண்மைப் பள்ளிக்குள் ஒரு புதுத் துறையையே தொடங்கி, 1956லிருந்து 1989இல் ஓய்வு பெறும்வரை முப்பது வருடத்துக்கு மேல் அதை நடத்தியவர்.

ஃபாரஸ்டர் பிறந்தது 1918இல், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆன்செல்மோ என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மாட்டுப் பண்ணையில். மின்சாரம் இல்லாத இடம். பள்ளியின் கடைசி வருடத்தில், பழைய கார் உதிரிபாகங்களை வைத்து அவரே ஒரு காற்றாலை செய்து, 12 வோல்ட் மின்சாரத்தைப் பண்ணைக்குக் கொண்டுவந்தார். விவசாயக் கல்லூரியில் சேர உதவித்தொகையும் கிடைத்திருந்தது. சேர வேண்டிய நாளுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, மாடு மேய்ப்பது நமக்கு ஒத்துவராது என்று முடிவெடுத்து, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்துவிட்டார். ஆனாலும் பண்ணை அவரை விட்டுப் போகவில்லை. பண்ணையில் வேலைகளும் விளைச்சலும் சந்தை விலையும் பணமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும், எதையும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அங்கேதான் பொருளாதாரத்தை முதலில் கற்றுக்கொண்டேன் என்ற பொருளில் பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

1939இல் எம்ஐடிக்குப் போனார். காரணம் எளிமையானது: மாதம் 100 டாலர் ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம், வேறு எந்தப் பல்கலைக்கழகமும் அவ்வளவு தருவதாகச் சொல்லவில்லை. அங்கே கார்டன் பிரவுன் என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். பின்னூட்டக் கட்டுப்பாடு என்ற துறைக்கு எம்ஐடியில் அடித்தளம் போட்டவர்களில் பிரவுன் ஒருவர்; 1940இல் சர்வோமெக்கானிசம், அதாவது தானாகத் திருத்திக்கொண்டு இயங்கும் கருவிகளுக்கான ஆய்வகத்தைத் தொடங்கியவர்.

இந்தப் பின்னூட்டம் என்பது என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு ரேடார் ஆண்டெனா வானில் ஒரு விமானத்தை நோக்கித் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். இப்போது ஆண்டெனா எங்கே பார்க்கிறது, எங்கே பார்க்க வேண்டும் என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, அதற்கேற்ப மோட்டார் திருப்புகிறது. திருப்பியதால் வித்தியாசம் குறைகிறது, குறைந்த வித்தியாசம் மறுபடி மோட்டாருக்கே தகவலாக வருகிறது. சுற்று மூடிவிட்டது. ஆனால் அந்தத் தகவல் கொஞ்சம் தாமதமாக வந்தால்? மோட்டார் இலக்கைத் தாண்டிப் போய்விடும், அப்புறம் பதறித் திரும்பும், மறுபக்கம் தாண்டும், இப்படியே ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்துக்கு விமானமும் காரணமில்லை, காற்றும் காரணமில்லை. கருவியின் உள்ளமைப்பிலேயே தாமதமும் அவசரமும் சேர்ந்து ஆட்டத்தை உற்பத்தி செய்கின்றன. கட்டுப்பாட்டுப் பொறியாளருக்கு இது அரிச்சுவடி.

போர்க்காலத்தில் அந்த ஆய்வகம் ரேடாருக்கும் பீரங்கிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்தது. யு.எஸ்.எஸ். லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குப் போன ஒரு சோதனைக் கருவி சில மாதங்களில் பழுதாகிவிட, சரிசெய்ய ஃபாரஸ்டரே பேர்ல் துறைமுகத்துக்குப் போனார். வேலை முடிவதற்குள் கப்பல் புறப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பாதியில் இறங்க மனமில்லாமல் கப்பலோடேயே போய்விட்டார். 1943 இறுதியில் பசிபிக் கடலின் தாராவா தீவுப் படையெடுப்பின்போது கப்பலில்தான் இருந்தார். டிசம்பரில் கப்பலின் பின்பகுதியை டார்பிடோ தாக்கியபோதும் இருந்தார். ஆராய்ச்சி என்பது கடைசியில் யார் கையில், எந்த நிலைமையில் பயன்படப் போகிறது என்பதை அந்தப் பயணம்தான் தனக்குச் சொல்லிக்கொடுத்தது என்பது அவருடைய கணிப்பு.

போர் முடிந்ததும் விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு பாவனைக் கருவி செய்யும் திட்டத்தை எடுத்துக்கொண்டார். அது வளர்ந்து வளர்ந்து, விமானமே மறந்துபோய், வேர்ல்விண்ட் என்ற டிஜிட்டல் கணினியாக மாறியது. அந்தக் காலத்துக் கணினிகளுக்குப் பெரிய தலைவலி நினைவகம்தான்: வேகம் போதாது, நம்பவும் முடியாது. ஃபாரஸ்டர் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பி வலையில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரண்டு கம்பிகளில் ஒரே நேரத்தில் மின்னோட்டம் கொடுத்தால் அவை சந்திக்கும் வளையம் மட்டும் மாறும்படி அமைத்தார். 1953இல் வேர்ல்விண்டில் அது பொருத்தப்பட்டது. அடுத்த இருபது வருடங்களுக்கு உலகத்தின் கணினிகள் பெரும்பாலும் இந்தக் காந்த வளையங்களில்தான் நினைவு வைத்துக்கொண்டன. காந்த வளையத்தில் தகவல் சேமிக்கும் வேலையில் ஆன் வாங் போன்றவர்களும் முன்னதாகவே இறங்கியிருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். யாருக்கு எந்தப் பங்கு என்ற காப்புரிமை வழக்குகள் வருடக்கணக்கில் ஓடி, 1964இல் ஐபிஎம் நிறுவனம் எம்ஐடிக்கு 1.3 கோடி டாலர் கொடுத்து ஃபாரஸ்டரின் காப்புரிமை விவகாரத்தை முடித்துக்கொண்டது. வேர்ல்விண்டின் வழியில்தான் வட அமெரிக்காவின் வான்பாதுகாப்புக்கான சேஜ் வலையமைப்பும் கட்டப்பட்டது.

சரி, இப்படிப்பட்ட ஒருவர், முப்பத்தெட்டு வயதில், கணினித் துறை இப்போதுதான் சூடுபிடிக்கிறது என்று எல்லாரும் ஓடிவரும் நேரத்தில் எதற்காக அதை விட்டுவிட்டு மேலாண்மைப் பள்ளிக்குப் போனார்? அவர் சொன்ன காரணம், கணினியில் முன்னோடிகளுக்கான காலம் முடிந்துவிட்டது என்பது. இன்று கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் அவர் பார்வையில், கணினி வேகமாகவும் நம்பகமாகவும் ஆக வேண்டும் என்ற கடினமான பகுதி தீர்ந்துவிட்டது. அதோடு இன்னொன்று: பத்து வருடமாக அவர் செய்துகொண்டிருந்ததில் பாதிக்கு மேல் நிர்வாகம்தான். ராணுவம், ஒப்பந்த நிறுவனங்கள், நூற்றுக்கணக்கான பொறியாளர்கள், பட்ஜெட். சர்க்யூட்டைவிட மனிதர்களையும் முடிவுகளையும் ஒழுங்காக ஓடவைப்பதுதான் கடினம் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

எம்ஐடியில் மேலாண்மைக் கல்வி முதலில் பொறியியலின் பிள்ளையாகத்தான் பிறந்தது. 1914இல் 'பொறியியல் நிர்வாகம்' என்ற பாடப்பிரிவாகத் தொடங்கியது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் – இவரும் எம்ஐடியில் மின்பொறியியல் படித்தவர் – அவருடைய அறக்கட்டளை வழியாகப் பெரும் நிதி கொடுக்க, 1952இல் தனிப்பள்ளியானது. தொழில்நுட்பச் சூழலுக்கு நடுவே வளரும் மேலாண்மைப் பள்ளி, ஹார்வர்டு மாதிரி இடங்களில் வளர்வதைவிட வேறுமாதிரியாக, ஒருவேளை மேலாகவும், இருக்கும் என்பது ஸ்லோனின் எண்ணம். அது எப்படி வேறுமாதிரி என்பதற்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை. எம்ஐடி தலைவர் ஜேம்ஸ் கில்லியன் ஒருநாள் ஆய்வகத்துக்கு விருந்தினர்களைக் கூட்டிவந்தபோது, நடந்துகொண்டே ஃபாரஸ்டரிடம் இந்தப் புதுப் பள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தார். 1956இல் ஃபாரஸ்டர் அங்கே பேராசிரியரானார்.

முதல் வருடம் அவருக்கு வேறு வேலையே இல்லை. நான் இங்கே எதற்கு வந்தேன் என்று யோசிப்பதுதான் வேலை. இந்த ஒரு வருடத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகமாவது ஒருவருக்கு இப்படி ஒரு வருடம் கொடுக்குமா என்று தெரியவில்லை. இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்வார் என்று சுற்றியிருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள்: நிர்வாக முடிவுகளைக் கணித முறையில் அலசும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற செயல்பாட்டு ஆய்வு, அல்லது அலுவலகங்களுக்குக் கணினியைக் கொண்டுபோவது. முதலாவது சுவையான வேலைதான், ஆனால் ஒரு நிறுவனம் ஏன் எழுகிறது, ஏன் விழுகிறது என்ற பெரிய கேள்வியை அது தொடவில்லை என்று அவருக்குப் பட்டது. இரண்டாவதைக் கணினி விற்கும் நிறுவனங்களே செய்துகொண்டிருந்தன.

வழி காட்டியது ஜெனரல் எலக்ட்ரிக் ஆட்களோடு தற்செயலாக நடந்த ஒரு பேச்சு. கென்டக்கியில் அந்த நிறுவனத்துக்கு வீட்டு உபயோகப் பொருட்கள் செய்யும் ஆலைகள் இருந்தன. சில சமயம் மூன்று ஷிஃப்ட், ஓவர்டைம் என்று ஓடும்; இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். காரணம் கேட்டால், நாட்டின் பொருளாதாரம் ஏறி இறங்குகிறது, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். ஃபாரஸ்டருக்கு அது திருப்தியாக இல்லை. ஆள் எடுக்க எப்படி முடிவு செய்கிறீர்கள், கையிருப்புச் சரக்கை எவ்வளவு வைத்துக்கொள்கிறீர்கள், ஆர்டர் கூடினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டார். மேலே தலைப்புகள்: கையிருப்பு, தொழிலாளர்கள், ஆர்டர்கள். கீழே ஒவ்வொரு வரியும் ஒரு வாரம். இந்த வாரம் நிலைமை இது, அவர்கள் சொன்ன விதிப்படி இன்ன முடிவு எடுப்பார்கள், ஆகவே அடுத்த வாரம் நிலைமை இது.

வரி வரியாகப் போனால் நடப்பது இதுதான். ஆர்டர் கொஞ்சம் கூடுகிறது, கையிருப்பு குறைகிறது. மேலாளர் இரண்டு காரணத்துக்காக உற்பத்தியைக் கூட்ட வேண்டியிருக்கிறது: புது ஆர்டருக்குச் சரக்கு வேண்டும், குறைந்த கையிருப்பையும் நிரப்ப வேண்டும். ஆள் எடுக்கிறார். எடுத்த ஆள் வேலை கற்றுச் சரக்கை வெளியே அனுப்பச் சில மாதம் ஆகும். அதற்குள் கையிருப்பு இன்னும் இறங்க, பதற்றத்தில் இன்னும் ஆள் எடுக்கிறார். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து உற்பத்தி செய்யத் தொடங்கும்போது சரக்கு மலைபோலக் குவிகிறது. ஆட்குறைப்பு. கொஞ்ச நாளில் மறுபடி பற்றாக்குறை. ஆர்டர் வருவது கடைசிவரை ஒரே அளவில் இருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் நிற்கவில்லை என்று அந்தப் பென்சில் கணக்கு காட்டியது.

ரேடார் ஆண்டெனாவின் அதே ஆட்டம்தான் இது. ஆண்டெனாவுக்குப் பதில் ஆலை, மோட்டாருக்குப் பதில் மேலாளர். அந்த மேலாளர்கள் முட்டாள்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் அவரவர் மேசையிலிருந்து பார்த்தால் சரியான முடிவைத்தான் எடுத்தார்கள். வேலையிழந்த தொழிலாளிக்குப் பொருளாதார மந்தம் என்று சொல்லி அனுப்பியவர்களும் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் மந்தத்தில் ஒரு பங்கு அந்த ஆலைக்குள்ளேயே, அவர்களுடைய சொந்த விதிகளால் தயாராகிக்கொண்டிருந்தது. பொறியியல் பேராசிரியர் மேலாண்மைப் பள்ளிக்குள் கொண்டுபோனது என்ன என்று கேட்டேனே, என் பதில் இந்தச் சந்தேகம்தான்: தொல்லை வெளியிலிருந்துதான் வந்தது என்று ஒருவர் சொன்னவுடன் ஒப்புக்கொள்ளாமல், முதலில் சுற்றுக்குள்ளே தேடிப் பார்க்கும் பழக்கம்.

பென்சில் கணக்கு சீக்கிரமே கணினிக்குப் போனது. இதற்காகவே எழுதப்பட்ட டைனமோ என்ற நிரல்மொழி வந்தது. 1961இல் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இந்தத் துறைக்குப் பிற்காலத்தில் சிஸ்டம் டைனமிக்ஸ் என்று பெயர் நிலைத்தது. இதற்கிடையே இன்னொரு பள்ளிக்கூடமும் அவருக்குக் கிடைத்தது: வேர்ல்விண்டில் அவரிடம் வேலை பார்த்த கென் ஓல்சன் 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதன் இயக்குநர் குழுவில் ஃபாரஸ்டரும் இருந்தார். வேகமாக வளரும் கம்பெனி ஏன் திடீரென்று தேங்கிப்போகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை, நிஜமான கூட்டங்களில் உட்கார்ந்து யோசித்தவர் அவர்.

மேலாண்மைக் கல்வி பற்றி அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு ஒப்புமை உண்டு. விமானத்தை வடிவமைப்பவர் ஒருவர், ஓட்டுகிற விமானி இன்னொருவர். விமானம் மோசமாக வடிவமைக்கப்பட்டிருந்தால் எவ்வளவு திறமையான விமானியாலும் ஓரளவுக்கு மேல் சமாளிக்க முடியாது. மேலாண்மைப் பள்ளிகள் விமானிகளை மட்டுமே தயாரிக்கின்றன, நிறுவனத்தின் விதிகளையும் தகவல் ஓட்டத்தையும் வடிவமைக்கத் தெரிந்தவர்களைத் தயாரிப்பதில்லை என்பது அவர் குறை. நல்ல ஆளைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற எல்லா இடத்துக்கும் இது பொருந்தும், கல்லூரிகளுக்கும்தான்.

இனி அவர் சறுக்கிய, அல்லது சறுக்கியதாகச் சொல்லப்படும் பகுதிக்கு வருவோம். பாஸ்டன் நகர மேயராக எட்டு வருடம் இருந்த ஜான் காலின்ஸ், 1968இல் பதவி முடிந்து எம்ஐடிக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். போலியோ வந்து கைத்தடிகளோடு நடந்தவர். லிஃப்ட் உள்ள கட்டிடத்தில் அறை தர வேண்டியிருந்ததில், ஃபாரஸ்டருக்குப் பக்கத்து அறை கிடைத்தது. பேச்சு நகரங்களின் பக்கம் போனது. நகரத்தை நடத்திப் பழகியவர்களை வாராவாரம் உட்காரவைத்து அவர்கள் சொன்னதிலிருந்து ஃபாரஸ்டர் ஒரு நகர மாதிரியை உருவாக்கினார். அது 1969இல் புத்தகமானது. அதன் முடிவுகளில் ஒன்று பலரைக் கொதிக்கவைத்தது: நலிந்த நகரத்தில் ஏழைகளுக்குக் குறைந்த செலவு வீடுகளை நிறையக் கட்டினால், வேலை தரும் தொழில்களுக்கான நிலத்தை அவை பிடித்துக்கொள்ளும், வேலை தேடுவோரை மேலும் ஈர்க்கும், கடைசியில் வறுமை கூடும். நீங்கள் சொல்வது சரியா தவறா என்பதே எனக்கு முக்கியமில்லை, இந்த முடிவை ஏற்க முடியாது என்று ஒரு பேராசிரியர் தன்னிடம் சொன்னதாக ஃபாரஸ்டர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கோபத்தை என்னால் முழுக்க ஒதுக்க முடியவில்லை. மாதிரியில் புறநகர்கள் என்ற ஒன்றே சரியாக இல்லை என்பது அப்போதே வந்த நியாயமான விமர்சனம். ஆலையில் விதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம், யார் ஆள் எடுப்பார் என்று தெரியும். நகரத்தில் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதே ஒரு அரசியல் தீர்மானம்.

1970இல், உலகப் பிரச்சினைகளை ஆராயும் கிளப் ஆஃப் ரோம் என்ற அமைப்பின் கூட்டத்துக்காகச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குப் போனார். திரும்பும் விமானத்திலேயே மக்கள்தொகை, முதலீடு, இயற்கை வளம், மாசு, விவசாயம் எல்லாம் பிணைந்த ஓர் உலக மாதிரியின் முதல் வரைவைப் போட்டுவிட்டார். அதிலிருந்துதான் டோனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ் குழுவின் 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற 1972ஆம் ஆண்டு அறிக்கை வந்தது. பொருளாதார அறிஞர் வில்லியம் நோர்டாஸ், ஃபாரஸ்டரின் உலக மாதிரியைத் தரவே இல்லாத அளவீடு என்று 1973இல் கடுமையாக எழுதினார். விலை ஏறினால் மக்கள் மாற்றுவழி தேடுவார்கள் என்பது அந்த மாதிரியில் போதிய அளவு இல்லை என்ற வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் முடிவில்லாத வளர்ச்சியை முடிவுள்ள பூமியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியை உலகத்தின் மேசையில் வைத்தது ஒரு மேலாண்மைப் பள்ளி என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. பழைய ஆசான் கார்டன் பிரவுன் ஓய்வுபெற்று அரிசோனாவின் டூசானில் இருந்தார். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களிடம், இந்த மாதிரிகளைச் செய்யும் மென்பொருளைக் கொண்டுபோய்க் காட்டினார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபாரஸ்டர் தன் கடைசிக் காலத்தின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடங்களுக்கு இதைக் கொண்டுபோகும் வேலையில் செலவிட்டார். 2016 நவம்பரில், 98 வயதில் காலமானார்.

அவருடைய குழுவிலிருந்து வந்த பியர் விளையாட்டு என்ற வகுப்பறைப் பயிற்சியை எம்ஐடி ஸ்லோன் பள்ளியில் இன்றும் விளையாடுகிறார்கள். நான்கு பேர் வரிசையாக: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. வாடிக்கையாளர் எவ்வளவு கேட்கிறார் என்பது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது அவரவருக்குக் கீழே இருப்பவர் அனுப்பும் ஆர்டர் சீட்டு மட்டுமே. சரக்கு வந்துசேரச் சில வாரம் ஆகும். ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. பத்துப் பதினைந்து வாரம் போவதற்குள் ஆலைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். முதலில் பெரும் பற்றாக்குறை, அப்புறம் இடம் கொள்ளாத சரக்கு.

ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வாடிக்கையாளர்கள் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று வரைபடம் போடச் சொல்வார்கள். கடைக்காரரைத் தவிர ஏறக்குறைய எல்லாருமே பெரிய அலைகளாக, மலையும் பள்ளமுமாக வரைவார்கள். பிறகு உண்மையான சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டுவார்கள். முதல் நான்கு வாரம் 4, 4, 4, 4. அதற்கடுத்து 8. அப்புறம் கடைசி வாரம்வரை எட்டு, எட்டு, எட்டு.